நூற்றிருபது சுத்து

சாவி இதோ இருக்கிறது கண்ணு. மேலே போய்ப் பார்க்கலாம், வீடு எங்கேயும் ஓடிவிடாது. முதலில் உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காரு. இந்த வெயிலில் பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்தா வந்தாய்? மோர் தருகிறேன், குடி. வேண்டாம் என்று சொல்லாதே, உனக்காகக் கடையவில்லை, காலையிலேயே கடைந்ததுதான். ஒரு ஆளுக்குக் கடைந்தாலும் நாலு ஆளுக்கு வந்துவிடுகிறது, என்ன செய்ய.

பேர் என்ன சொன்னாய்? இந்துமதி. ஊர் அரியலூர் பக்கம். ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் சோதிக்கிற வேலை. நல்லது. ஆடி மாதத்தில் வீடு கேட்டு வந்த முதல் ஆள் நீதான். எங்கள் பக்கம் ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். நீ இப்போது பார்த்து வைத்துவிட்டு ஆவணி பிறந்ததும் வந்துவிடு, எனக்குச் சம்மதம். என்னது, அஞ்சு மணிக்கு இன்னொரு வீடு பார்க்கப் போக வேண்டுமா? போகலாம், போகலாம். மணி இன்னும் நாலுகூட ஆகவில்லை.

என்னிடம் பெரிய கண்டிஷன் எல்லாம் கிடையாது. கறி மீன் சமைக்கலாம். கேட்டுக்கு ஒரு சாவி கொடுத்துவிடுவேன், எத்தனை மணிக்கு வந்தாய், யாரோடு வந்தாய் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. கேட்காமலே காதுக்குத் தெரிந்துவிடும், அது வேறு. ஒரே ஒரு கண்டிஷன்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் மேலே இருந்த பையன் கதையைச் சொல்ல வேண்டும். உனக்கு முன்னால் வந்த நாலு பேருக்கும் சொன்னேன். நாலு பேரும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார்கள். "யோசிச்சுப் போன் பண்றோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யோசிக்கவே ஆறு மாதம் வேண்டியிருக்கிறது.

நான் மூணாம் கிளாஸ் தாண்டினவள் இல்லை கண்ணு. பதினேழு வயதில் மில்லுக்குப் போனேன். இதோ இந்த ரோட்டு முக்கில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறதே, அங்கேதான் மில். கோன் வைண்டிங்கில், நூலைக் கூம்பில் சுத்துகிற வேலையில், இருபத்தாறு வருசம். அறுபது டிரம் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் பேசுவோம். ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு நூல் அறுந்தால் எனக்குக் கேட்கும். "துளசிமணி, உனக்குக் காதா, கண்ணா?" என்று மேஸ்திரி கேட்பார். ஒரு நாள் மில்லை மூடினார்கள். மெஷினை நிறுத்தினதும் எல்லாரும் அழுதார்கள், சம்பளம் போச்சே என்று. எனக்கு அழுகை வரவில்லை. காதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்காமல் போய்விட்டதோ என்று.

என் வீட்டுக்காரரும் அதே மில்தான். மில் மூடினபோது வந்த பணத்தில் மேலே ஒரு வீடு எழுப்பினார். "எனக்கு அப்புறம் ஒனக்குத் தலைக்கு மேல ஆள் நடமாட்டம் இருக்கோணும்" என்றார். வாடகைக்காக என்று அவர் சொன்னதே இல்லை. அவர் போய் ஆறு வருசம். மகள் நாமக்கல்லில் இருக்கிறாள், மாமியார் படுக்கையில், அவளால் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "சாப்ட்டியா" என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

மேல் வீட்டுக்கு ஜெபின் வந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் மூணு நாள் வீட்டில் இருந்தே. குடி வந்த அன்று ரெண்டு பெட்டி துணி, ஒரு கட்டில், அதோடு ஒரு வெள்ளி நிற மெஷின். அதை மட்டும் கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினான். "என்ன கண்ணு அது, சாமி சிலையா?" என்றேன். "காபி மெஷின்மா. எஸ்பிரசோ" என்றான். பேரைப் பாரு. நம் பில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். இது ஆவியை வைத்து ஒரே அமுக்கில் இறக்கிவிடுமாம். தொண்டைக்கு ஒரு மடக்குதான் வரும். அந்த ஒரு மடக்குக்கு அத்தனை பெரிய மெஷின்.

மறுநாள் காலையில் ஆறு மணிக்கு, நான் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறேன், தலைக்கு நேர் மேலே "விர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். பல் டாக்டர் பல்லைக் குடைகிற மாதிரி. விளக்கே நடுங்கினது. வீட்டுக்காரி என்று ஒருத்தி இருந்தால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஒட்டடைக் கம்பை எடுத்து மேல் தளத்தில் மூணு இடி இடித்தேன்.

பையன் வெறுங்காலோடு ஓடி வந்தான். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"மேல என்ன ரைஸ் மில்லா வெச்சிருக்கற?"

"காபிக்கொட்டை அரைக்கிற மெஷின்மா. ஒரு நிமிசம்தான்."

"பொடியாவே வாங்கிக்கறதுக்கென்ன? கடையில அரைச்சுத் தர மாட்டானா?"

"அரைச்சு வச்சா வாசம் போயிருமா. அப்பப்ப அரைக்கணும்."

"அதுக்கு என் தலை மேலயா?"

தலையை ஆட்டிவிட்டுப் போனான். நான் சண்டை போடவில்லை கண்ணு. சொன்னேன், அவ்வளவுதான். அவன் மனசில் வைத்துக்கொள்ளவே இல்லை. அந்த அரைக்கிற மெஷினைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டான். ஒரு வாரம் கழித்து அவனுக்கு ஒரு பார்சல் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். பிரித்துக் காட்டினான். ஒரு சொம்பு உயரத்துக்கு இரும்புக் குழாய், மேலே ஒரு கைப்பிடி. "இனிமே கையாலயே அரைச்சுக்கிடுதேன். ஒங்களுக்குக் கேக்காதும்மா" என்றான்.

கேட்காதாம்! என் காதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்.

மறுநாள் ஆறு மணி. கருக், கருக், கருக். ஓட்டுக்குள் அணில் உட்கார்ந்து கொட்டையைக் கொறிக்கிற மாதிரி. நான் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். முதல் நாள் எண்ணவில்லை. ரெண்டாம் நாளில் இருந்து எண்ண ஆரம்பித்தேன், மில்லுக்காரிக்கு எண்ணாமல் இருக்க முடியாது. நூற்றிருபது சுத்து. எழுபதில் ஒரு தரம் நிற்கும், கை மாற்றுவான். அப்புறம் கடைசி அஞ்சாறு சுத்து லேசாக ஓடும், உள்ளே கொட்டை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு 'டொக்' என்று ஒரு தட்டு. நூற்றிருபதும் முடிந்த பிறகுதான் நான் சாமி படத்துக்குப் பூ வைப்பேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் கப்பில் எனக்கும் கொண்டு வந்தான். "குடிச்சுப் பாருங்கம்மா." ஒரு வாய் வைத்தேன். வேப்பங்கொழுந்தைக் கருக்கி வடித்த மாதிரி இருந்தது. நான் காபியே குடிக்கிறதில்லை, டீதான். ஆனால் எதிரில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "நல்லாருக்குது கண்ணு" என்றேன். போச்சு. வாராவாரம் கொண்டு வர ஆரம்பித்துவிட்டான். அவன் படி ஏறுகிற சத்தம் கேட்டதும் கொல்லைக்குப் போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். பார்த்தாயா அந்தச் செடியை? மேல் வீட்டு ஜன்னல் வரைக்கும் போய்விட்டது. இங்கே என்னைவிட அந்தக் காபியை ரசித்துக் குடித்தது அதுதான்.

ஒரு நாள் உட்கார்ந்து பேசினான். பொடி பருசாக இருந்தால் தண்ணீர் சர்ரென்று ஓடிவிடுமாம், சப்பென்று இருக்குமாம். ரொம்ப நைசாக இருந்தால் இறங்கவே இறங்காதாம், கசக்குமாம். "இதை என்ன நீ எனக்குச் சொல்றது? நம்ம பில்டர்லயும் அப்படித்தான" என்றேன். "அதேதாம்மா! அதேதான்!" என்று கையைத் தட்டினான். என்னிடம் யாரும் அப்படிக் கையைத் தட்டிப் பேசினதில்லை. எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும், அதுதான் விசயம் என்றான். மிக்சியில் போட்டால் கொஞ்சம் மாவு, கொஞ்சம் ரவை, கொஞ்சம் முழுசு. அதனால்தான் கல்லு மாதிரி உள்ளே ரெண்டு இரும்பு, ஒன்றுக்குள் ஒன்று சுத்தும். அதைக் காட்டினான். பல்லுப் பல்லாக இருந்தது.

அதைப் பார்த்ததில் இருந்து என் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. புதுக் கல்லை இவன் பழக்கவே இல்லையே?

உங்கள் ஊரில் எப்படியோ. இங்கே புது அம்மி வாங்கினாலும் கிரைண்டர் வாங்கினாலும் முதலில் தவிடும் கல்லுப்பும் போட்டு அரைத்துக் கொட்டுவோம். மூணு நாள் செய்வோம். கல்லில் இருக்கிற துகள் எல்லாம் வெளியே வந்தால்தான் வாயில் நறநற என்று கடிபடாது. கோயமுத்தூரில் இதைச் செய்யாத பொம்பளை உண்டா? பாவம், பையன், தாய் பக்கத்தில் இல்லை, இதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்.

மார்கழியில் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனான், பத்து நாள். "மேல தொட்டிச் செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்கம்மா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். இதே சாவிதான். செடிக்கு ஊற்றினேன். வீட்டைப் பெருக்கினேன். அப்புறம் மாட்டுத் தீவனக் கடைக்குப் போய்த் தவிடு வாங்கி வந்தேன், கல்லுப்பு வீட்டில் இருந்தது. மூணு நாள். ஒரு நாளைக்கு மூணு ஈடு. கை வலி சொல்லி முடியாது, அந்தத் தவிடு உள்ளே போய் அடைத்துக்கொண்டது, குச்சி விட்டுக் குத்தி எடுத்தேன். கடைசியில் குழாயடியில் வைத்து நன்றாகக் கழுவி, மொட்டைமாடிச் சுவரில் வெயிலில் காய வைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். சொல்லவில்லை. தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன்.

வந்தான். முந்திரிக்கொத்து கொண்டு வந்தான், கேக் கொண்டு வந்தான். மறுநாள் காலையில் ஆறு மணிக்கு நான் பூவோடு தயாராக நிற்கிறேன்.

கர்ர்ர்க். கர்ர்ர்க். இழுக்கிற சத்தம். பதினோரு சுத்து. நின்றுவிட்டது.

கீழே இறங்கி வருகிறான், ஒவ்வொரு படியாக. கையில் அந்தக் குழாய்.

"அம்மா, மேல யாரும் வந்தாங்களா?"

"நான்தான் கண்ணு வந்தேன். பழக்கி வெச்சிருக்கறேன். தவிடு, உப்பு எல்லாம் போட்டு. இனி நறநறப்பே இருக்காது பாரு."

என்னைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பரவால்லம்மா" என்றான். அப்படிச் சொன்னான் கண்ணு, "பரவால்லம்மா" என்று. கோபக்காரன் யாராவது அப்படிச் சொல்வானா?

அதற்குப் பிறகு அவன் அரைக்கவில்லை. வயிறு சரியில்லையோ என்னவோ. காலையில் மேலே டம்ளரில் ஸ்பூன் சுத்துகிற சத்தம் மட்டும் கேட்கும், டிங்கு டிங்கு என்று, எட்டோ பத்தோ. பாக்கெட்டில் வருகிற பொடியை வெந்நீரில் போட்டுக் கலக்கிக் குடித்தான். ஞாயிற்றுக்கிழமைக் காபியும் நின்றுவிட்டது. ஒரு நாள் நானே கேட்டேன், "என்ன கண்ணு, அம்மாளுக்குக் காபி இல்லையா?" என்று. "மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா" என்றான்.

மாசியில் காலி பண்ணினான். பெங்களூருக்கு மாற்றிவிட்டார்களாம் ஆபீசில். அவன் கையில் என்ன இருக்கிறது, கம்பெனி சொன்னால் போகத்தானே வேண்டும். வண்டியில் சாமான் ஏறின பிறகு, "வர்றேன்மா" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான். நல்ல பையன்.

மேலே கூட்டப் போனேன். பழைய பேப்பர், காலி டப்பாவோடு அந்தக் குழாயும் மூலையில் கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறான், அவசரத்தில். எடுத்து வந்து தேங்காயெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். கொஞ்சம் சுத்தினது. ஆனால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தது, அந்தச் சத்தம் வரவில்லை.

பங்குனியில் ஒரு நாள் பால்காரர் சொல்கிறார். "அக்கா, உங்க மேல்வீட்டுப் பையனுக்கு இப்பவும் நான்தானுங்க பால் ஊத்தறேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது சந்து."

"அவன் பெங்களூர்லயில்ல இருக்கறான்?"

"இல்லீங்க, மாசியில இருந்து அங்கதான்."

பெங்களூர் மாற்றலை ரத்து பண்ணியிருப்பார்கள். பெரிய கம்பெனிகளில் இப்படித்தான், இன்று ஒன்று சொல்வான், நாளைக்கு ஒன்று சொல்வான். என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம், வீடு காலியாகத்தானே கிடந்தது. கூச்சப்பட்டிருப்பான்.

சரி, அவன் மறந்துவிட்டுப் போன சாமானுக்குப் பதிலாக நாமே புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். காந்திபுரத்தில் பெரிய கடை. "காபிக்கொட்டை அரைக்கறதுக்கு ஒண்ணு வேணுங்க தம்பி" என்றேன். மிக்சியில் சின்ன ஜார் காட்டினான். "இதுலயே அரைக்கலாங்கம்மா, சட்னியும் அரைக்கலாம்." அது கொஞ்சம் மாவு, கொஞ்சம் ரவை, கொஞ்சம் முழுசு என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. அடுத்து, நான் கிரைண்டர் வாங்கின பழைய கடை. அங்கே முதலாளியே இருந்தார். சிரித்தார். "காப்பிக்குக் கிரைண்டரா? ரெண்டு லிட்டர் டில்டிங் போட்டுத் தரட்டுங்களா அக்கா? நீங்க ஒத்தையாளு, அண்டா நெறையக் காப்பி குடிக்கலாம்." அவர் எப்போதும் அப்படித்தான், வாய்.

அப்புறம் பால்காரர்தான் விசாரித்துச் சொன்னார், ஆர்.எஸ். புரத்தில் கொட்டை வறுத்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது, இந்த மாதிரி சாமானும் விற்கிறார்கள் என்று. பழைய குழாயைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ரெண்டு பஸ் மாறிப் போனேன். உன் வயசில் ஒரு பெண் இருந்தாள், கண்ணாடி போட்டவள். குழாயைக் கையில் வாங்கித் திறந்தாள். மூக்குக்கிட்டே கொண்டு போனாள்.

"தேங்கா எண்ணெ ஊத்தினீங்களாம்மா?"

"ஆமா."

"உள்ள எல்லாம் துருவா இருக்கே. உப்புத் தண்ணி ஏதும் பட்டுச்சா?"

"உப்புப் போட்டுத் தவிடு போட்டுப் பழக்கினேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குகிறது. பக்கத்தில் இருக்கிற பையனைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "அம்மா, இது இருபத்திரண்டாயிரம் ரூபா. கல்லு இல்லம்மா இது. தண்ணியே படக் கூடாது. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று வெயில் ஜாஸ்தி. அந்தக் கடையில் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

இருபத்திரண்டாயிரம். அவனுக்கே விலை தெரியாமல் இருந்திருக்கும். யாராவது பரிசாகக் கொடுத்திருப்பார்கள். தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பானா? நீயே சொல்லு. "பரவால்லம்மா" என்பானா?

"குறைஞ்ச விலையில இருக்கறதுலயே நல்லதாக் காட்டு கண்ணு" என்றேன். அந்தப் பெண் நோட்டை எடுத்தாள். "வீட்டுக்காம்மா? எத்தனை பேர் குடிப்பீங்க?"

"வீட்ல நான் ஒருத்திதான்."

"சரி, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கப்?"

"நான் காபி குடிக்கறதில்ல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள், அவளே கொட்டை போட்டாள், "நீங்களே சுத்திப் பாருங்கம்மா" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலாவது ஆயிரத்து முந்நூறு. உள்ளே பீங்கான். லொடக் லொடக் என்று நடுத்தண்டு ஆடுகிறது. "இது ஆடுதே" என்றேன். "ஆமாம்மா, ஆடினாப் பொடி சீரா வராது. பில்டர் காபிக்கு ஓகே. எஸ்பிரசோக்கு ஆகாது" என்றாள். ரெண்டாவது கரண்டில் ஓடுகிறது, ரெண்டாயிரத்துக்குள். பொத்தானை அமுக்கினாள். மிக்சிக்குத் தங்கச்சி. உள்ளே கத்தி, கல்லே கிடையாது. வேண்டாம் என்றேன். மூணாவது இரும்பு. பிடி நல்ல கனம். சுத்தினேன். கருக், கருக். கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் ஒல்லியான சத்தம், ஆள் கொஞ்சம் இளைத்துப்போனால் குரல் மாறுமே, அந்த மாதிரி. அந்தப் பெண் அடியில் இருக்கிற திருகாணியை ஒரு கிளிக் இறுக்கினாள். "இப்பச் சுத்துங்க." இன்னொரு கிளிக். "இப்ப?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. சாமி படம் தெரிந்தது.

"இதுதான்" என்றேன்.

"நல்ல காது உங்களுக்கு. இந்த விலையில எஸ்பிரசோக்கு இதுதாம்மா சரியா வரும். ஏழாயிரம். ஒரு கிளிக் மாத்தினாக்கூடக் காபி மாறிடும்" என்றாள். தீபாவளிக்கு என்று எடுத்து வைத்திருந்தது கைவசம் இருந்தது. பெட்டியில் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சத்தியம் பண்ணுங்க. தவிடு போடக் கூடாது. தண்ணி படக் கூடாது." பண்ணினேன். பழக்காமல் வைத்திருக்க எனக்குக் கை அரிக்கிறது, ஆனால் போடவில்லை. ஒரு பிடி பச்சரிசிகூடப் போடவில்லை.

மறுநாள் காலையிலேயே ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனேன். ஆபீஸ் போவதற்குள் பார்த்துவிடலாம் என்று. ரெண்டாவது சந்து. எந்த வீடு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சந்து முக்கில் திரும்பும்போதே கேட்டது. "விர்ர்ர்ர்." அதே சத்தம். பல் டாக்டர் சத்தம். பரணில் ஏற்றி வைத்திருந்தானே, அந்த மெஷின்.

மாடி வீடுதான். கீழே வீட்டுக்கார அம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். சத்தம் கேட்டு அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மேலே பார்த்து, "ஜெபினு, எனக்கும் சேர்த்துப் போடு கண்ணு" என்று குரல் கொடுக்கிறாள். "செரிம்மா" என்று மேலே இருந்து சத்தம் வருகிறது.

அந்த அம்மாளுக்குக் காது மந்தமாக இருக்கும். அதுதான்.

நான் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். காலை நேரத்தில் ஒருத்தர் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருக்கும்போது போய்க் கதவைத் தட்டக் கூடாது. அது மரியாதை இல்லை. இன்னொரு நாள் போகலாம் என்று இருந்தேன். அப்புறம் போகவில்லை. முட்டி வலி.

அதனால் என்ன, சாமான் வீணாகவில்லை. மேல் வீட்டுச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டேன். இப்போது வருகிறவர்கள் எல்லாம் ஹீட்டர் இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்கிறார்கள். காபி மெஷின் இருக்கு என்றால் யாராவது வேண்டாம் என்பார்களா? கொட்டைகூட வாங்கி வைத்திருக்கிறேன்.

நானே ஒரு நாள் மேலே போய் அரைத்துப் பார்த்தேன் கண்ணு. எழுபதில் கை மாற்றி, நூற்றிருபது சுத்தும் சுத்தினேன். பிரயோஜனமில்லை. நான் மேலே இருந்தால், கீழே யார் இருக்கிறார்கள் கேட்க?

இதுதான் கண்டிஷன். காலையில் ஆறு மணிக்கு ஒரு தரம் அரைக்க வேண்டும். ஆறரை ஆனாலும் சரி. நைட் டியூட்டி இருந்தால் வந்த பிறகு அரை. வாடகையில் முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம். என்ன, நீயும் காபி குடிக்க மாட்டாயா? டீயா? அதனால் என்ன. குடிக்க வேண்டாம், அரைத்தால் போதும். பொடியை எனக்குக் கொடுத்துவிடு, கறிவேப்பிலைக்குப் போட்டுக்கொள்கிறேன்.

எழுந்துவிட்டாயா? அதற்குள் மணியாகிவிட்டதா? சரி, சரி. யோசித்துப் போன் பண்ணு. ஆனால் வந்ததற்கு மேலே ஒரு தரம் பார்த்துவிட்டுப் போ. இந்தா சாவி. நான் வரவில்லை, நீ மட்டும் போய் வா. பதினேழு படி, கடைசிப் படி கொஞ்சம் உயரம். சமையல் மேடையில் சிவப்பு டப்பாவில் கொட்டை இருக்கிறது, ஒரு கை போடு, மூடியைப் பூட்டு, சுத்து. ஒரே ஒரு தரம். நான் இங்கேயே இந்த நாற்காலியில் இருக்கிறேன்.

பதினாறு, பதினேழு. ஏறிவிட்டாள். கதவு திறக்கிறது. ஜன்னலைத் திறக்கிறாள், நல்ல பிள்ளை, காற்று வரட்டும். தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கிறாள், வருகிறது, வராமலா. சமையல் மேடைக்கு வந்துவிட்டாள். டப்பா மூடி. கொட்டை விழுகிறது.

ஒன்று. ரெண்டு. மூணு. மெல்லத்தான் சுத்துகிறாள், புதுக் கை. பரவாயில்லை. சுத்தட்டும்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபது.

நின்றுவிட்டது.

போன் அடிக்கிறது மேலே. அஞ்சு மணி வீட்டுக்காரராக இருக்கும். பேசுகிறாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை, சன்னமான குரல். எல்லாரும் எழுபதில் நிறுத்துவார்கள், கை மாற்ற வேண்டாமா? கை மாற்றுவாள். மாற்றட்டும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

பேச்சு நின்றது.

எழுபத்தொன்று.